மீனுக்கு முன்னால் தெர்மாமீட்டர்: மலை வீட்டில் ஒரு ஃபைட்டர் மீன்

அடுக்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வியிலிருந்து இந்தக் குறிப்பு. அவர் மகள் ஆறாம் வகுப்பு. பிறந்தநாளுக்கு ஃபைட்டர் மீன் வேணுமாம். "மதுரைக்குப் போறப்ப வாங்கிட்டு வந்துடலாம், ஒரு கண்ணாடி பவுல் போதும்னு கடையில சொல்றாங்க. மலையில தாங்குமா?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: பவுலில் தாங்காது, சூடாக்கிய தொட்டியில் தாங்கும். ஆனால் ஏன் என்று தெரியாமல் இந்த ஒரு வரியை மட்டும் பின்பற்றுவது கஷ்டம். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அடுக்கம் தெரியாதவர்களுக்கு: பெரியகுளம் பக்கம் கும்பக்கரையிலிருந்து மலையேறி, பெருமாள்மலையில் கொடைக்கானல் சாலையைத் தொடும் பாதையில், நடுச்சரிவில் இருக்கும் ஊர். 'அடுக்கம்' என்ற பழந்தமிழ்ச் சொல்லுக்கே மலைச்சரிவு என்றுதான் பொருள். கீழே பெரியகுளத்தில் ஃபேன் இல்லாமல் தூங்க முடியாத நாளில் மேலே கம்பளி தேவைப்படும். மனிதர்களுக்கு இது சுகம். தாய்லாந்துச் சமவெளி மீனுக்கு இதுதான் முதல் பிரச்சினை.

எந்த ஊர் மீன்?

நாம் ஃபைட்டர் என்று சொல்வது பெட்டா ஸ்ப்ளெண்டன்ஸ். இந்த அறிவியல் பெயரை 1910இல் சார்லஸ் டேட் ரீகன் என்ற பிரிட்டிஷ் மீனியல் அறிஞர் வைத்தார். சொந்த ஊர் தாய்லாந்தின் தாழ்வான வெள்ளச் சமவெளிகள், சதுப்புகள், நெல்வயல்கள். தாய் மொழியில் இதன் பெயர் 'பிளா கட்', அதாவது கடிக்கும் மீன். 2019இல் தாய்லாந்து அரசு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. மனிதன் இதை வளர்க்கத் தொடங்கி குறைந்தது ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்று 2022இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு சொல்கிறது. ஆயிரம் ஆண்டு மனிதனோடு இருந்தும், அதன் உடம்பு கேட்கும் வெப்பம் இன்னும் அந்தச் சமவெளியின் வெப்பம்தான்.

தமிழ்நாட்டில் இது கிடைக்காத ஊரே இல்லை எனலாம். சென்னை கொளத்தூர் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர் போன இடம். அங்கே பல குடும்பங்களுக்கு மீன் வளர்ப்பும் விற்பனையும்தான் தொழில். சின்னச் சின்ன பிளாஸ்டிக் கப்புகளில், பாலிதீன் பைகளில் வரிசையாக ஃபைட்டர் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கப்பில் உயிரோடு இருக்கிறதே, அப்போ கப் போதும்தானே?

கப்பில் எப்படி உயிரோடு இருக்கிறது?

மற்ற மீன்கள் அந்தக் கப்பில் சில மணி நேரத்தில் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஃபைட்டர் சாகாது. அதன் செவுளுக்கு மேலே, தலைக்குள், மடிப்பு மடிப்பாக ஒரு கூடுதல் சுவாச உறுப்பு இருக்கிறது. ரத்த ஓட்டம் நிறைந்த திசு அது. ஆங்கிலத்தில் லேபிரிந்த் உறுப்பு என்பார்கள். சிக்கலான வழிகள் கொண்டது என்பதால் அந்தப் பெயர். மீன் மேலே வந்து வாயால் ஒரு மடக்குக் காற்றை எடுத்துப் போகும். அந்தக் காற்றிலிருந்து ஆக்சிஜனை இந்த உறுப்பு வாங்கிக்கொள்ளும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் சமாளித்துவிடும்.

இந்த உறுப்பு உள்ள மீன் நமக்குப் புதிதில்லை. பனையேறிக் கெண்டை இதே கூட்டம்தான். 1791இல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், குளத்தோரப் பனைமரத்தில் தண்ணீரிலிருந்து ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் அது வெளிவந்தது. மீன் உண்மையிலேயே பனை ஏறுமா என்று அதற்குப் பிறகு நிறைய வாதம் நடந்தது. ஆனால் நீரை விட்டு வெளியே வந்து, நெடுநேரம் உயிரோடு ஊர்ந்து போகும் என்பதில் சந்தேகம் இல்லை.

ஃபைட்டருக்கு இன்னும் நெருங்கிய உறவும் நம் ஊரில் உண்டு. சூடோஸ்ப்ரோமெனஸ் குபானஸ் என்ற குட்டி மீன். தமிழகத்தின் வயல்களிலும் குட்டைகளிலும் வாழ்கிறது. 1831இல் இதற்கு வைத்த 'குபானஸ்' என்ற பெயர், முதல் மாதிரி கிடைத்த புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து வந்தது. அரியாங்குப்பத்தின் பிரெஞ்சு உச்சரிப்பில் இருக்கும் 'கூபாங்' தான் குபானஸ் ஆனது. இதுவும் ஃபைட்டர் மாதிரியே எச்சிலும் காற்றும் கலந்து நுரைக்கூடு கட்டி முட்டை வைக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். லேபிரிந்த் உறுப்பு தீர்ப்பது ஒரே ஒரு பிரச்சினையை: ஆக்சிஜன். தண்ணீரில் சேரும் அமோனியாவை அது நீக்காது. தண்ணீர் குளிர்ந்தால் சூடேற்றாது. மற்ற மீன்களில் ஆக்சிஜன் குறைவு ஒரு எச்சரிக்கை மணி மாதிரி. தொட்டி சரியில்லை என்றால் மீன் சீக்கிரம் தத்தளித்துக் காட்டிவிடும். ஃபைட்டரில் அந்த மணி அடிக்காது. கெட்ட தண்ணீரிலும் குளிரிலும் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும். "நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு செத்துருச்சு" என்று பலர் சொல்வது இதனால்தான். திடீர் என்று எதுவும் நடந்திருக்காது.

இன்னொரு கதையும் கடைகளில் உலவுகிறது: மாட்டுக் குளம்படித் தண்ணீரிலேயே வாழும் மீன் இது என்று. நெல்வயல் ஆழமில்லாதது, உண்மை. ஆனால் அது ஏக்கர் கணக்கில் விரிந்த தண்ணீர். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும் சேறு, கழிவைத் தின்னும் நுண்ணுயிர், செடி எல்லாம் அதில் உண்டு. ஆழம் குறைவு என்பதை அளவு குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மலையின் கணக்கு

ஃபைட்டருக்கு வசதியான வெப்பம் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ். சென்னையிலோ மதுரையிலோ இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அறை வெப்பமே பெரும்பாலும் அந்த அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். கொடைக்கானலில் ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம்; மே மாதப் பகல்கூட 20ஐ ஒட்டியே நிற்கும். பொதுவாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு. அடுக்கம் நடுவில் இருப்பதால் இரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பம். ஆனால் வீட்டுக்கு வீடு மாறும். ஓட்டு வீடு, கான்கிரீட் வீடு, அடுப்படி பக்கத்து அறை, வடக்குப் பார்த்த அறை எல்லாம் ஒன்றில்லை.

அதனால் நண்பரிடம் முதலில் வாங்கச் சொன்னது ஒரு தெர்மாமீட்டர். மீன் வைக்க நினைக்கும் அதே இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை வையுங்கள். காலை 6 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் தண்ணீரின் வெப்பத்தை ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். பாப்பாவையே எழுதச் சொல்லலாம். அந்த 14 எண்களும் கடைக்காரரை விடவும் என்னை விடவும் சரியான பதில் சொல்லும்.

இனி தோராயமான கணக்கு ஒன்று. அறை இரவில் 12 டிகிரி, தண்ணீர் 26 டிகிரி இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 14.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். 20 லிட்டருக்கு 84 கிலோஜூல். 40 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீர் உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி, மூடி போட்டது, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய இரண்டரை வாட் வெப்பத்தை இழக்கும். 14 டிகிரிக்கு 35 வாட். கரண்ட் போனால் முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை டிகிரி இறங்கும். நான்கு மணி நேரத்தில் 21க்கு வரும். மீனுக்குப் பிடிக்காது, ஆனால் தாங்கும்.

அதே அறையில் இரண்டு லிட்டர் திறந்த பவுல். தண்ணீர் பத்தில் ஒரு பங்கு, ஆனால் மேற்பரப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைவதில்லை. முதல் மணி நேரத்திலேயே மூன்றரை டிகிரி இறங்கும். நான்கு மணி நேரத்தில் 17. மறுநாள் வெயில் ஏறினால் மறுபடி மேலே. தினமும் இந்த ஊஞ்சல் ஆட்டம்தான் மீனைத் தளர்த்துவது. குளிர்ந்தால் அதன் செரிமானம் மந்தமாகும், நோய் எதிர்ப்பு குறையும், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். துடுப்பு அழுகலும் வெண்புள்ளி நோயும் அப்போதுதான் பிடிக்கும்.

மலையில் பெரிய தொட்டி என்பது அழகுக்கோ ஆடம்பரத்துக்கோ இல்லை. அதுதான் கரண்ட் கட்டுக்கான பேட்டரி. காற்றும் மழையும் வந்தால் மலையில் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாதே.

ஹீட்டர் எத்தனை வாட்?

மேலே பார்த்த கணக்குப்படி அதிகபட்சம் 35 வாட் வேண்டும். அப்போ 50 வாட் ஹீட்டர் போதும். "எதுக்கும் இருக்கட்டும்னு 200 வாட் போடுங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காரணம் இது: மலிவு ஹீட்டர்களில் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு நிற்காமல் ஓடுவது நடக்கக்கூடியதுதான். 50 வாட் அப்படி மாட்டிக்கொண்டால் அறையை விட 20 டிகிரி வரைதான் ஏற்ற முடியும். 12 டிகிரி இரவில் 32. மோசம்தான், ஆனால் காலையில் பார்த்துக் காப்பாற்றலாம். 200 வாட் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கே ஏறக்குறைய ஏழு டிகிரி ஏறும். விடியும்போது மீன் குழம்புதான். மென்பொருள் வேலையில் நாங்கள் கேட்கும் கேள்வியே இங்கேயும்: இது கெட்டுப்போனால் எப்படிக் கெட்டுப்போகும்?

- தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டரே வாங்குங்கள். அதன் முகப்பில் உள்ள எண்ணை நம்பாமல் தனித் தெர்மாமீட்டரும் வையுங்கள்.
- தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டர் வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும்.
- பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, அடிப்பகுதி எல்லாவற்றுக்கும் தெர்மோகோல் ஒட்டுங்கள். முன்பக்கம் மட்டும் பார்க்க விட்டால் போதும்.
- மூடி கட்டாயம். ஆவியாகி வெப்பம் போவது குறையும். மீன் துள்ளி வெளியே விழாது. தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே சில செ.மீ. காற்றிடம் விடுங்கள், மீன் மேலே வந்து மூச்சு எடுக்கணும்.
- நீண்ட கரண்ட் கட் என்றால் தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் 60 டிகிரி வெந்நீர் ஊற்றி, இறுக மூடி, மிதக்க விடலாம். 22 டிகிரிக்கு இறங்கிய 20 லிட்டரை அது ஒன்றே முக்கால் டிகிரி வரை உயர்த்தும்.

மின்செலவு? பகல் இரவு சராசரியாக 25 வாட் என்றால் நாளுக்கு 0.6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர்

சமவெளியில் போர்வெல் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். பழனி மலை கடினமான பழம்பாறை. ஓடைத் தண்ணீர் அதில் அதிகம் கரைத்துக்கொண்டு வராது. அதனால் மென்மையான நீர். ஃபைட்டருக்கு மென்மையான நீர் பிடிக்கும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு.

மீன் கழிவிலிருந்து அமோனியா வரும், அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அது பரவாயில்லை. வாராவாரம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த பாக்டீரியாக்கள் வேலை செய்யும்போது தண்ணீரில் உள்ள காரத்தன்மையைச் செலவழிக்கின்றன. மென்மையான நீரில் அந்தக் கையிருப்பே கம்மி. தீர்ந்தால் பி.எச். சடசடவென்று இறங்கும், பாக்டீரியாவும் படுத்துவிடும்.

தீர்வு எளிது: நன்றாகக் கழுவிய கிளிஞ்சல் ஒரு கைப்பிடி, வலைப்பையில் கட்டித் தொட்டியில் போடுங்கள். தண்ணீர் புளிக்கப் புளிக்க அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஆனால் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள். அது கடுங்காரம், மீன் வெந்துவிடும். நாட்டு வாதாம் சருகு போடுவது நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். அது தண்ணீரை இன்னும் அமிலமாக்கும். மலைத் தண்ணீரில் அரை இலை போதும்.

ஊராட்சித் தொட்டித் தண்ணீர் என்றால் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள். குளோரின் போய்விடும்.

மலைக்கு என்றே ஒரு எச்சரிக்கை. காப்பித் தோட்டத்தில் போர்டோ கலவை தெளிப்பார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது. மயில்துத்தத்தில் இருக்கும் செம்பு மீனுக்குக் கொடிய விஷம், அதுவும் மென்மையான நீரில் அதன் வேகம் இன்னும் அதிகம். மருந்தடித்த கையோடு தொட்டியைத் தொடாதீர்கள், ஸ்பிரேயர் நிரப்பிய வாளியை மீனுக்குப் பயன்படுத்தாதீர்கள், தெளிக்கும் நாட்களில் தோட்டம் தாண்டி வரும் ஓடைத் தண்ணீரை எடுக்காதீர்கள். செம்புக் குடத்தில் வைத்த தண்ணீரும் வேண்டாம். கொசு ஸ்பிரேயும் அப்படித்தான். அதில் இருக்கும் பைரித்ராய்டு நமக்கு லேசு, மீனுக்கு எமன்.

ஒரு மாதம் காத்திருக்கணும்

மேலே சொன்ன பாக்டீரியா புதுத் தொட்டியில் இருக்காது. வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதுவும் 26 டிகிரியில். குளிர்ந்த நீரில் இன்னும் நாளாகும். அதனால் தொட்டி, ஹீட்டர், காற்று மோட்டாரில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் எல்லாம் முதலில். மீன் இல்லாமலே தினமும் இரண்டு குருணை மீன் தீனி போடுங்கள், அது அழுகி அமோனியா தரும். பழைய தொட்டி வைத்திருப்பவர் யாரிடமாவது அழுக்கு ஸ்பாஞ்ச் துண்டு கிடைத்தால் இந்தக் காத்திருப்பு பாதியாகக் குறையலாம். சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் தெரிகிறது என்றால் தொட்டி தயார்.

பிறந்தநாளுக்கு மீன் கேட்ட குழந்தையிடம் "இன்னும் ஒரு மாசம் பொறு" என்பது கஷ்டம்தான். என் யோசனை: பிறந்தநாளுக்குத் தொட்டியைக் கொடுங்கள். அவள் ஜாவா மாஸ் நடட்டும், மணி பிளான்ட் வேரைத் தண்ணீரில் விடட்டும், வெப்பத்தை நோட்டில் எழுதட்டும். மீன் வருவதற்குள் தொட்டி அவளுடையதாகிவிடும்.

கடையில் எதைப் பார்ப்பது?

ஹாஃப்மூன், கிரவுன்டெயில் என்று பாவாடை மாதிரி வால் விரித்தவை கண்ணைப் பறிக்கும். முதல் மீனுக்கு நான் பரிந்துரைப்பது குட்டை வால் பிளாகட், அல்லது பெண் மீன். நீண்ட வாலை இழுத்துக்கொண்டு நீந்துவதே அதற்குப் பாரம், கிழியும், அழுகும். பிளாகட் சுறுசுறுப்பாக இருக்கும், மேலே வந்து மூச்செடுக்கச் சிரமப்படாது.

- கப்புக்கு அருகே விரலை நகர்த்துங்கள். கவனித்துத் திரும்புகிற மீன் வேண்டும்.
- துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கி வைத்திருந்தால் வேண்டாம்.
- உப்புத் தூவியது போல வெண்புள்ளி, டார்ச் அடித்தால் பொன்தூள் போல மினுக்கம், கண்ணில் படலம், ஊதிய வயிறு, ஒட்டிய வயிறு இவை இருந்தால் விட்டுவிடுங்கள்.
- எத்தனை நாளாகக் கடையில் இருக்கிறது, என்ன தீனி என்று கேளுங்கள். நேற்று வந்திறங்கிய மீனை விட ஒரு வாரம் கடையில் நன்றாகச் சாப்பிட்ட மீன் மேல்.
- பாவம் பார்த்து நோஞ்சானை வாங்காதீர்கள். முதல் மீனிலேயே வைத்தியம் படிக்க வேண்டாம்.

ஒரு தொட்டிக்கு ஒரே மீன். இரண்டு ஆண்களை விட்டால் கிழித்துக்கொள்ளும். வேடிக்கைக்காகச் சண்டை விடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

மலையேற்றும் விதம்

வாங்கும் நாளுக்கு முந்தைய நாள் தீனி போட வேண்டாம் என்று கடையில் சொல்லிவிடுங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. இது காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் பையை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பக் கூடாது. தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு போங்கள்.

மலைப்பாதையில் சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்களே, மீன் பையும் உப்பும். கொடைக்கானல் உயரமான 2,100 மீட்டரில் காற்றழுத்தம் அடிவாரத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் பைக்காற்று நாலில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும். கடையில் டம்மென்று கட்டித் தருவார்கள். "கொஞ்சம் தளர்வா கட்டுங்கண்ணே, மலைக்குப் போகுது" என்று சொல்லுங்கள். இரட்டைப் பையாக இருந்தால் இன்னும் நல்லது.

வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். சமவெளிக் கடினநீரிலிருந்து மென்நீருக்கு வருகிறது, அதனால் அவசரம் வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளராகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

அன்றாடம்

இது பூச்சி தின்னும் மீன். குருணைத் தீனி காலையில் இரண்டு மூன்று, மாலையில் இரண்டு மூன்று. அவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாள் பட்டினி. குழந்தைகள் பாசத்தில் அள்ளிப் போடுவார்கள். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று சின்ன டப்பாக்களில் எண்ணி வைத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், வெந்நீர் கலந்து 26க்குக் கொண்டுவந்த பிறகு. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவாமல் எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள், இல்லாவிட்டால் பாக்டீரியா போய்விடும்.

மீன் சோர்ந்தால் மருந்துக் கடைக்கு ஓடும் முன் வெப்பத்தையும் அமோனியாவையும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் பதில் அங்கேயே இருக்கும். நுரைக்கூடு கட்டினால் சந்தோஷமாக இருக்கிறது என்பார்கள். வயதுக்கு வந்த ஆண் என்பதற்கு மேல் அதில் பெரிதாகப் படிக்க வேண்டாம்.

ஆயுள் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு ஆண்டு. கடையில் வாங்கும்போதே சில மாத வயது ஆகியிருக்கும். இதைக் குழந்தையிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வளர்க்க முடியாமல் போனால் ஓடையிலோ குளத்திலோ விடாதீர்கள். கடையிலோ வேறு வீட்டிலோ கொடுங்கள். ஆஸ்திரேலியாவின் வடக்கே அடிலெய்டு ஆற்றுச் சமவெளியில் இப்படி விடப்பட்ட ஃபைட்டர் பெருகிக் கிடக்கிறது. கொடைக்கானல் குளிரில் செத்துவிடும், சரி. மலையிலிருந்து தண்ணீர் கீழேதானே போகிறது? அங்கே நம் குபானஸ் வாழும் வெதுவெதுப்பான வயல்கள் இருக்கின்றன.

வாங்கலாமா, வேண்டாமா?

வாளித் தண்ணீர் காலை 6 மணிக்கு 24க்குக் கீழே போகிறது, ஹீட்டர் வைக்க வசதியும் இல்லை என்றால் ஃபைட்டர் வேண்டாம். ஹீட்டர் இல்லாமலே 15 முதல் 22 டிகிரியில் நன்றாக இருக்கும் மீன் உண்டு. சீனாவின் ஒயிட் கிளவுட் மவுண்டன் மின்னோ அப்படி ஒன்று. ஆறு ஏழாகக் கூட்டமாக, 40 லிட்டர் தொட்டியில் வைக்கலாம். தொட்டி தயாராக அப்போதும் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஹீட்டரும், 20 லிட்டர் தொட்டியும், ஒரு மாதப் பொறுமையும் இருந்தால் அடுக்கத்திலும் ஃபைட்டர் நன்றாக வாழும். நண்பர் வீட்டு நோட்டில் இப்போதைக்கு நாலு நாள் எண்கள் ஏறியிருக்கின்றன. காலை 6 மணிக்கு இதுவரை அதிகபட்சம் 18. ஹீட்டர் வாங்கித்தான் ஆகணும் என்று மகளே தீர்ப்புச் சொல்லிவிட்டாளாம்.